கோட்டையைக் கெடுத்த சிமெண்டு

இங்கிலாந்தின் தென்பகுதியில், டார்செட் மாவட்டத்தில் கார்ஃப் என்றொரு சிற்றூர் உண்டு. ஊரை ஒட்டிய குன்றின் உச்சியில் இடிந்த கோட்டை ஒன்று நிற்கிறது. உள்நாட்டுப் போரில் மன்னர் பக்கம் நின்ற குடும்பத்தாரின் கோட்டை அது. அதைக் கைப்பற்றிய பாராளுமன்றப் படையினர் 1646-இல் சுவர்களின் அடியில் வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். சில பகுதிகள் இன்றும் சாய்ந்தபடியே நிற்கின்றன. பிளந்த இடத்தை உற்றுப் பார்த்தீர்களானால் சுவரின் உள்ளமைப்பு தெரியும். இருபுறமும் செதுக்கிய கல். நடுவே உடைகல்லும் சுண்ணாம்புக் காரையும் கலந்த நிரப்பு. இடைக்காலக் கோட்டைச் சுவர்கள் பெரும்பாலும் இப்படிக் கட்டப்பட்டவையே.

வெடிமருந்துக்குத் தப்பிய கோட்டைகள் பலவற்றுக்கு, பிற்காலத்தில், காப்பாற்ற வந்தவர்களின் கையாலேயே கேடு நேர்ந்தது. அது எப்படி என்று புரிய, காரை செய்யும் வேலையை முதலில் பார்ப்போம்.

சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் ஏறக்குறைய 900 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடும். மிஞ்சும் சுட்ட சுண்ணாம்பில் நீர் ஊற்றினால் கொதித்து நீறும். அதை மணலோடு குழைத்துக் கல்லிடுக்கில் வைத்தால், காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சி மறுபடியும் சுண்ணாம்புக் கல்லின் பொருளாகவே மாறுகிறது. நெருப்பில் இழந்ததைக் காற்றிலிருந்து மீட்டுக்கொள்கிறது எனலாம்.

இந்தக் காரை மென்மையானது, நுண்துளைகள் நிறைந்தது. இவற்றைக் குறைகள் என்று எண்ணிவிடாதீர்கள். சுவர் சற்று அசைந்தால் காரை இடம் கொடுக்கும். உள்ளே புகுந்த மழைநீர் கல்லைவிடக் காரை வழியாகவே எளிதில் ஆவியாகும். மயிரிழை வெடிப்புகளில் கரைந்த சுண்ணாம்பு படிந்து அவற்றை அடைத்துவிடுவதும் உண்டு.

1824-இல் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்டு சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். விரைவில் இறுகும் அந்தப் பொருள் நாளடைவில் சுண்ணாம்பை ஓரங்கட்டியது. பழங்கட்டடங்களைக் காக்கச் சட்டங்களும் பிறந்தன. 1882-இல் வந்த முதல் சட்டம் வலுவற்றது. இந்தியாவில் வைஸ்ராயாக இருந்தபோது 1904-இல் பழஞ்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்த கர்சன் பிரபு, தாயகம் திரும்பியபின் 1911-இல் டாட்டர்ஷால் கோட்டையை விலைக்கு வாங்கினார். பெயர்த்தெடுத்து விற்கப்பட்டிருந்த அதன் சிற்பவேலைக் கணப்படுப்புகளையும் மீட்டார். 1913-இல்தான் பிரிட்டனில் வலுவான சட்டம் வந்தது. (இந்தியாவுக்கு ஒன்பது ஆண்டு பிந்தி என்பதைக் கவனியுங்கள்!)

அரசின் பொறுப்புக்கு வந்த கோட்டைகளின் இடுக்குகளில் சிமெண்டு தாராளமாக அடைக்கப்பட்டது. நோக்கம் நல்லதுதான். ஆனால் இறுகிய சிமெண்டு அசைந்து கொடுக்காது. மெல்லிய வெடிப்பு விடும். அதன் வழியே நீர் உள்ளே போகும். எளிதில் வெளியேற முடியாது. எஞ்சிய வழி கல்தான். குளிர்காலத்தில் கல்லின் நுண்துளைகளில் நீர் உறையும்போது அதன் பருமன் ஏறக்குறைய 9 சதவிகிதம் பெருகுகிறது. கோடையிலோ நீர் ஆவியாகி, அதிலிருந்த உப்பு படிகமாகிக் கல்லை நெருக்குகிறது. கல்லின் முகம் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. கடைசியில் கல் குழிந்துபோக, சிமெண்டுக் கோடுகள் மட்டும் தேனடைபோல் துருத்தி நிற்கும். காரை கல்லைவிட மெலிந்ததாக இருக்க வேண்டும் என்ற பழைய கொத்தர் வழக்கத்தின் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

1970-களில் வெல்ஸ் பேராலய முகப்பின் சிற்பங்களைப் பழுதுபார்த்த ராபர்ட் பேக்கர் சுண்ணாம்பு முறைக்குப் புத்துயிர் அளித்தார். இன்று பல கோட்டைகளில் சிமெண்டைக் கையுளியால் பொறுமையாகச் செதுக்கி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு இடுகிறார்கள். கல்லோடு அது இறுகப் பற்றியிருந்தால் விட்டுவிடுகிறார்கள். பெயர்த்தால் கல்லின் விளிம்பும் கூடவே வந்துவிடும். புதுக் காரை விரைவில் உலர்ந்துவிடாமல் ஈரச் சாக்கு போர்த்த வேண்டும். உறைபனிக் காலத்தில் வேலையே கிடையாது.

கூரையிழந்த சுவரின் உச்சியில் முன்பு சிமெண்டு மூடி போட்டார்கள். அது வெடித்து நீரை உள்ளே விட்டது. இப்போது சில இடங்களில் மண்பரப்பிப் புல்பத்தை பதிக்கிறார்கள். மண் மழைநீரை உறிஞ்சிக்கொள்கிறது. வெப்பமும் உறைபனியும் கல்லை நேரே தாக்காமல் புல் தடுக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்துக் கண்ட உண்மை இது. ஆனால் மரக்கன்று முளைத்தால் உடனே பிடுங்கிவிடுகிறார்கள். அதன் வேர் பருத்துச் சுவரையே பிளந்துவிடும்.