கப்பல் ஏறப் போறீங்களா? முதல்ல மருந்துப் பையைக் கட்டுங்க!

“கப்பலா? எனக்கு வேணாம்ப்பா. நீங்க பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க. நான் வீட்டைப் பார்த்துக்கறேன்...”

முதல் கப்பல் சுற்றுலாவுக்குத் திட்டம் போடுகிற மதுரை வீடுகளில், அப்பத்தாவோ தாத்தாவோ இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். தப்பு சொல்ல முடியாது. கடல் என்றால் ராமேஸ்வரத்திலோ திருச்செந்தூரிலோ முங்கிக் குளித்துவிட்டுத் திரும்புகிற ஊர்க்காரர்கள் நாம். எழுபதைத் தாண்டியவர்களுக்கு இன்னொரு பயமும் உண்டு. 1964 டிசம்பர் 22 இரவு, தனுஷ்கோடியைப் புயல் வாரிக்கொண்டு போனதே... அந்தச் செய்தி வந்த நாள் இன்றும் அவர்கள் நினைவில் இருக்கிறது.

ஆனால், கப்பல் கவிழ்ந்துவிடுமோ என்று பயப்படுகிற நாம், பயப்பட வேண்டிய விஷயத்தை விட்டுவிடுகிறோம். அது என்ன தெரியுமா? நடுக்கடலில் தெருமுனை மெடிக்கல் ஷாப் கிடையாது!

மதுரையில் ராத்திரி பத்து மணிக்கு பி.பி. மாத்திரை தீர்ந்துபோனால் பேரன் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுவான். அவசரம் என்றால் பெரியாஸ்பத்திரி இருக்கிறது. கப்பலில் ஒரு டாக்டர், நர்ஸ், சின்ன மருத்துவ அறை, அவ்வளவுதான். முதலுதவிக்கு அது போதும். நீங்கள் தினமும் போடுகிற அதே மாத்திரை அங்கே இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. நல்ல ஏற்பாடு இருந்தால் அப்பத்தாவும் தாராளமாக வரலாம். அந்த ஏற்பாட்டைப் பார்ப்போம்.

எந்தக் கப்பல்? எந்த மாதம்?

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘எம்பிரஸ்’ என்ற உல்லாசக் கப்பல் புறப்பட்டபோது, நடுத்தரக் குடும்பங்களுக்கும் இந்த ஆசை வந்தது. 2023 ஜூனில் அதே கப்பல் இலங்கைக்கும் போனது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கி, சில நாட்களில் பருவமழையால் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது.

இரண்டையும் ஒன்றாக நினைக்காதீர்கள். பல அடுக்குகள் கொண்ட பெரிய கப்பலில் ஆட்டம் குறைவாகத் தெரியும். சின்னக் கப்பலில் சில மணி நேரப் பயணம்தான் என்றாலும் ஆட்டம் அதிகம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் காலம். முதல் பயணத்துக்கு அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. கப்பல் எந்த மாதங்களில் ஓடுகிறது என்பதை டிக்கெட் எடுக்கும் முன் விசாரியுங்கள்.

கொடைக்கானல் பரீட்சை

உங்கள் வீட்டில் யாருக்குக் கப்பலில் வாந்தி வரும்? கண்டுபிடிக்க சுலபமான வழி இருக்கிறது. வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலை ஏறும்போது யார் பிளாஸ்டிக் பை கேட்கிறார்களோ, அவர்களுக்கு வர வாய்ப்பு அதிகம்.

காரணம் ஒன்றேதான். நம் உடம்பு நிலைகொள்ள உதவும் உறுப்பு உள்காதில் இருக்கிறது. கப்பல் ஆடுவதை அது உணர்கிறது. ஆனால் அறைக்குள் சுவரைப் பார்க்கிற கண், ‘எதுவும் ஆடலையே’ என்கிறது. இந்தக் குழப்பத்தில்தான் தலைசுற்றல், குமட்டல் எல்லாம். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு இது அபூர்வம். பள்ளிப் பிள்ளைகள், கர்ப்பிணிகள், ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு அதிகம்.

அறை பதிவு செய்யும்போதே கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்கள். அங்கே ஆட்டம் குறைவு. குமட்டினால் மேல்தளத்துக்கு வந்து, கடலும் வானமும் தொடுகிற கோட்டைப் பாருங்கள். செல்போனை நோண்டாதீர்கள். வெறும் வயிறும் ஆகாது, எண்ணெய்ப் பலகாரமும் ஆகாது. இரண்டு இட்லி உத்தமம். பாட்டி காலத்து இஞ்சி மரப்பாவும் சிலருக்குக் கைகொடுக்கும்.

வாந்தியைத் தடுக்கும் மாத்திரையை, குமட்டல் வந்த பிறகு போட்டுப் பெரிய பிரயோஜனம் இல்லை. புறப்படுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும். அதிலும் ஒரு எச்சரிக்கை. இவற்றில் பல தூக்கத்தை வரவழைக்கும். புராஸ்டேட் வீக்கம் உள்ள தாத்தாவுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் ஆபத்து. டாக்டரைக் கேட்காமல், ‘போன தடவை பஸ்ஸில் போட்டதுதானே’ என்று எடுத்துக் கொடுக்காதீர்கள்.

சர்க்கரைக்காரர்கள் கவனிக்க!

உயிருக்கே உலை வைக்கிற விஷயம் இதுதான். காலையில் வழக்கம்போல் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ போட்டாயிற்று. கப்பல் ஆடுகிறது. சாப்பிட்டது எல்லாம் வாந்தியாகிவிட்டது. மருந்து மட்டும் உடம்பில் வேலை செய்கிறது. சர்க்கரை மளமளவென்று இறங்கும்! வியர்வை, கை நடுக்கம், உளறல்... இதைக் ‘கப்பல் மயக்கம்’ என்று நினைத்துப் படுக்க வைத்துவிட்டால் வினைதான்.

அதற்காகப் பயந்து இன்சுலினை நீங்களாக அடியோடு நிறுத்துவதும் தவறு. அப்போது சர்க்கரை எகிறிவிடும். புறப்படும் முன்பே டாக்டரிடம், “வாந்தி வந்து சாப்பிட முடியாவிட்டால் எந்த மருந்தைக் குறைக்கணும், எதை விடக் கூடாது?” என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குளூக்கோமீட்டரும் குளூக்கோஸ் பொட்டலமும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

இன்சுலினை மதுரை வெயிலில் ரயில் ஜன்னலோரம் வைத்துக் கொண்டுபோகாதீர்கள். குளிர் பையில் வையுங்கள். ஐஸ் நேரடியாகப் படக் கூடாது, உறைந்தால் வீண். ஊசி இருப்பதால் டாக்டர் கடிதமும் வேண்டும்.

சாப்பாட்டு மேஜையிலும் ஒரு கண் இருக்கட்டும். விதவிதமாக அடுக்கி வைத்திருப்பார்கள். ‘காசு கொடுத்தாச்சே’ என்று எல்லாவற்றையும் ருசி பார்த்தால், சர்க்கரையும் பி.பி.யும் சேர்ந்து ஏறும்.

சோப்பும் தண்ணீரும்

ஒரே கூரையின் கீழ் ஆயிரக்கணக்கானோர் இருந்தால் தொற்று வேகமாகப் பரவும். 2020 பிப்ரவரியில் ஜப்பானில் நிறுத்தி வைக்கப்பட்ட ‘டயமண்ட் பிரின்சஸ்’ கப்பலில் 700-க்கும் மேற்பட்டோருக்குக் கொரோனா வந்தது நினைவிருக்கும். கப்பல்களில் அடிக்கடி தலைகாட்டும் இன்னொரு கிருமி நோரோ வைரஸ். திடீர் வாந்தி, பேதிதான் அதன் அடையாளம். இதற்கு சானிடைசர் தடவினால் போதாது. சாப்பிடும் முன்பும் கழிப்பறை போய்வந்த பின்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதுதான் காப்பு.

தடுக்கி விழாதிருக்க

கப்பல் அறையின் குளியலறை வாசலில் நிலைப்படி உயரமாக இருக்கும். ராத்திரி தூக்கக் கலக்கத்தில் பெரியவர்கள் தடுக்குவது அங்கேதான். வழுக்காத ரப்பர் செருப்பும் சின்ன டார்ச் லைட்டும் அவசியம். ஏறியதும் பாதுகாப்புப் பயிற்சி நடக்கும். ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி கேட்டால் எங்கே கூட வேண்டும் என்று சொல்லித் தருவார்கள். ‘அதெல்லாம் எதுக்கு’ என்று அறையிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள்.

யார் தள்ளிப் போடணும்?

சமீபத்தில் மாரடைப்போ ஆபரேஷனோ ஆனவர்கள், அடிக்கடி நெஞ்சுவலி வருபவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் டாக்டர் சம்மதமில்லாமல் டிக்கெட் எடுக்கக் கூடாது. 24 வாரம் எட்டிய கர்ப்பிணிகளைப் பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. கைக்குழந்தைக்கும் வயதுக் கட்டுப்பாடு உண்டு, முன்பே கேளுங்கள். கப்பல் டாக்டருக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருக்கும். எனவே பயண இன்சூரன்ஸ் எடுங்கள். அதில் பழைய நோய்களை மறைக்காதீர்கள்.

கைப்பையில் இருக்கிறதா?

(பெட்டியைத் துறைமுகத்தில் வாங்கிக்கொள்வார்கள். அறைக்கு வந்துசேரச் சில மணி நேரம் ஆகும். அதனால் இவை கையோடு இருக்கணும்.)

* பயண நாட்களோடு கூடுதலாக 3 நாளுக்கான மருந்து, அட்டையோடு
* மருந்துகளின் மூலப் பெயர், அளவு எழுதிய டாக்டர் சீட்டு
* கடைசி இ.சி.ஜி., சர்க்கரை ரிப்போர்ட் நகல்
* உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம்
* மாற்று மூக்குக் கண்ணாடி
* அடையாள அட்டை (வெளிநாடு என்றால் பாஸ்போர்ட்)

மருந்து, சீட்டு இரண்டிலும் இன்னொரு செட் வேறொருவர் பையில் இருந்தால் இன்னும் நல்லது. பாண்டியன் எக்ஸ்பிரஸில் விடிகாலை இறங்கி அன்றைக்கே கப்பலுக்கு ஓடாமல், ஒருநாள் முன்பே சென்னை போய்விடுங்கள். தூக்கம் கெட்டால் தலைசுற்றலும் கூடும்.

ஒரு மாதம் முன்பு அப்பத்தாவை டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அவர் “தாராளமா போயிட்டு வாங்கம்மா” என்று சொல்லிவிட்டால், வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள். வீட்டை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அப்பத்தா கடலைப் பார்க்கட்டும்!