மரங்கொத்திகளின் கூட்டுக் குடித்தனம்

திருவாமாத்தூர்ப் பக்கத்துப் பனை, தென்னைகளில் காணும் பொன்முதுகு மரங்கொத்தி ஜோடியாகக் குடித்தனம் செய்யும் பறவை. ஆணுக்குக் கொண்டை முழுதும் சிவப்பு. பெண்ணுக்கு முன்னந்தலை கறுத்து வெண்புள்ளியுடன் இருக்கும். இவ்வடையாளத்தைக் கொண்டு தொலைவிலிருந்தே கவனித்தால், இரண்டும் முறைவைத்துப் பொந்து குடைவதும் அடைகாப்பதும் விளங்கும். பொந்தினுள் கோல் விட்டுப் பார்ப்பது தகாது. மாசி முதல் ஆடி வரை, பொந்துள்ள பட்ட பனையை வெட்டுவோர் குஞ்சுகளையும் சேர்த்தே வீழ்த்துகின்றனர்.

அமெரிக்காவில் கலிபோர்னியாவிலுள்ள ஒருவகை மரங்கொத்தியோ கூட்டமாக வாழ்வது. ஓக் என்னும் மரத்தின் கொட்டைகளே அதற்கு மாரிக்கால உணவு. ஒரே மரத்தில் ஆயிரக்கணக்கான சிறு துளைகளிட்டுத் துளைக்கொரு கொட்டையாகச் செருகி வைக்கும். இப்பொதுக் களஞ்சியத்தைக் காத்தல் தனி ஜோடிக்கு அரிது. ஆகவே சகோதர ஆண்கள் சிலவும் சகோதரப் பெண்கள் இரண்டொன்றும் ஒரே பொந்தில் இனம்பெருக்கும். முன்னாண்டுக் குஞ்சுகளும் உடனிருந்து இரையூட்டும்.

இதனால் பூசலில்லை என்று எண்ணலாகாது. ஹேஸ்டிங்ஸ் என்னும் ஆராய்ச்சி வனத்தில் 1968-ஆம் ஆண்டில் இப்பறவைகளைப் பற்றிய ஆராய்ச்சி தொடங்கிற்று. பறவைகளின் காலில் வர்ண வளையமிட்டு அடையாளம் கண்டனர். ஒரு பெண் முந்தி இட்ட முட்டையை, இன்னும் இடாத மற்றொன்று வெளியே எடுத்துப்போய் விடுகிறது. அதைக் கூட்டத்தார் உண்கின்றனர். இட்ட தாயும் பங்கு கொள்வதுண்டு! இரண்டும் இடத் தொடங்கியதும் இச்செயல் நின்றுவிடுகிறது. தன் முட்டை எதுவென அறியாமையால் பின்னர் எல்லாவற்றையும் எல்லாமே அடைகாக்கின்றன.