ரோபோக்கள் ஓடும் ஊரில் விதியா, மதியா? தெரியுமா?

இருங்காட்டுக்கோட்டையில் கார், ஒரகடத்தில் பைக்கும் லாரியும் தயாராகின்றன! புரோகிராம் சொன்னதைச் செய்யும் ரோபோக்கள் நிறைந்த இந்த வட்டாரத்தில்தான், ‘மனிதன் தன் இஷ்டப்படி நடக்கிறானா?’ என்ற கேள்விக்கு அசத்தலான பதில் சொன்னவர் பிறந்தார். தெரியுமா?

★ அவர் ராமானுஜர்! மரபுப்படி 1017இல் ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்தவர். ‘செய், செய்யாதே என்று சாஸ்திரம் கட்டளையிடுகிறதே, செய்பவன் ஜீவன் இல்லையென்றால் அந்தக் கட்டளைக்கு என்ன அர்த்தம்?’ இதுதான் அவர் எழுதிய ஸ்ரீபாஷ்யம் என்ற உரைநூலில் வரும் வாதம்.

★ அப்படியானால் ஆண்டவனுக்கு என்ன வேலை? அனுமதி தருவது! இருவருக்குப் பொதுவான ஒரு சொத்து இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அதைத் தானம் செய்ய மற்றவர் சம்மதம் வேண்டும். ஆனால் முயற்சி எடுத்தவர் முதலாமவர், பலனும் அவருக்கே! கூட்டுப் பட்டா வைத்திருப்பவர்களுக்குச் சட்டென்று புரியும் இந்த உதாரணமும் ஸ்ரீபாஷ்யத்திலேயே இருக்கிறது!

★ ‘முயற்சியால் எதுவும் மாறாது, எல்லாம் நியதி’ என்று அடித்துச் சொன்னவர்களும் தமிழகத்தில் இருந்தார்கள். புத்தர் காலத்து மற்கலி கோசாலரின் வழிவந்த ஆசீவகர்கள்! மணிமேகலையில் ஆசீவகர் ஒருவர் தம் கொள்கையை விளக்குகிறார். அவர்கள் மீது வரி விதித்த சோழர் காலக் கல்வெட்டுகளும் உண்டு!

★ வள்ளுவர் இரு பக்கத்தையும் விடவில்லை! 38ஆம் அதிகாரம் ‘ஊழ்’. அதைவிட வலியது இல்லை என்கிறது. 62ஆம் அதிகாரம் ‘ஆள்வினையுடைமை’. தளராமல் முயல்பவர் அந்த ஊழையே புறமுதுகு காட்ட வைப்பார் என்கிறது!

★ ராமானுஜருக்குப் பின்னும் அவர் வழிவந்த வைணவப் பிரிவுகளிடையே விவாதம் ஓயவில்லை. இறைவன் அருளைப் பெற நம் முயற்சி வேண்டுமா, வேண்டாமா? தாயைக் குட்டி பற்றிக்கொள்ளும் குரங்கு வழி வடகலைக்கு. தாயே குட்டியைக் கவ்விச் செல்லும் பூனை வழி தென்கலைக்கு!

★ 1983இல் அமெரிக்க நரம்பியலாளர் பெஞ்சமின் லிபெட் வெளியிட்ட ஆய்வு உலகையே உலுக்கியது. கையை அசைக்க ‘முடிவெடுத்தேன்’ என்று நாம் உணர்வதற்குச் சுமார் 350 மில்லிவினாடிக்கு முன்பே மூளை தயாராகிவிடுகிறதாம்! ஆனாலும் கடைசி நொடியில் ‘வேண்டாம்’ என்று தடுக்கும் உரிமை மனதுக்கு உண்டு என்றார் லிபெட்.

வியப்பைப் பாருங்கள்! ராமானுஜரிடம் தொடங்குவது நாம், அனுமதிப்பது இறைவன். லிபெட்டிடம் தொடங்குவது மூளை, அனுமதிப்பது நாம். வரிசை தலைகீழ், ஆனால் இருவருமே நம்மைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கவில்லை!