சுயார்ஜிதம், கர்த்தா, மைனர்

வீட்டையோ நிலத்தையோ ஈடு வைத்துக் கடன் கோரும் மங்கலம்பேட்டை வட்டாரத்து அங்கத்தினர்களுள் பலர், பத்திரங்களில் வரும் சில பழஞ்சொற்களின் பொருளை அறியாதிருப்பதைக் காண்கிறோம். சொத்து நிலைப்பதும் கைவிட்டுப் போவதும் அச்சொற்களைப் பொறுத்ததே.

சுயார்ஜிதம் என்பது ஒருவர் தாமே தேடிய சொத்து. அதனை அவர் தம் விருப்பப்படி விற்கலாம், ஈடு வைக்கலாம். பூர்வீகச் சொத்து அத்தகையதன்று. இந்துக் கூட்டுக் குடும்பத்தில் மகனுக்கு அதில் பிறப்பிலேயே பாத்தியதை உண்டு. 2005ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், மணமான பெண்மக்களுக்கும் அப்பாத்தியதையை அளித்தது. இஸ்லாமிய, கிறிஸ்தவக் குடும்பங்களில் இப்பிறப்புரிமை இல்லை.

கர்த்தா என்பவர் கூட்டுக் குடும்பத்தின் நிர்வாகி. குடும்பத்தின் அவசியத்துக்காகவோ நன்மைக்காகவோ அன்றிப் பிறர் பங்கை அவர் ஈடு வைத்தல் இயலாது. அவசியம் மெய்தானா என்று கடன் கொடுப்பவர் விசாரித்தறிய வேண்டும் என 1856இல் ஹனுமான் பிரசாத் பாண்டே வழக்கில் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. "கடன் எதற்கு?" என்று சங்கம் வினவுவது சந்தேகத்தினால் அன்று.

மைனர் என்பவர் 18 வயது நிறையாதவர். இது எம்மதத்தார்க்கும் பொது. கல்கத்தாவில் தர்மதாஸ் கோஷ் என்பவர் மைனராயிருந்தபோது எழுதிக் கொடுத்த அடமானம் அடியோடு செல்லாதென்று 1903இல் பிரிவி கவுன்சில் முடிவு செய்தது. கொடுத்த பணமும் கடன்காரருக்குத் திரும்பவில்லை.

இந்து நெசவாளர் ஒருவர், மனைவியையும் இரு சிறு குழந்தைகளையும் விட்டு, உயில் எழுதாமல் காலமாகிறார் என்க. அவருடைய தாயாரும் முன்னரே காலமானவர். சுயார்ஜிதமான தறி வீடு மூவருக்கும் சமபங்காகச் சேரும். தாய் கார்டியனே ஆயினும், 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீதிமன்ற அனுமதியின்றிக் குழந்தைகளின் பங்கை விற்கவோ ஈடு வைக்கவோ கூடாது. மீறிச் செய்தால், குழந்தைகள் 18 வயது நிறைந்தபின் 3 ஆண்டுகளுக்குள் வழக்கிட்டு அதனை ரத்து செய்யலாம். துயர வேளையில் அவசரமாக இடும் ஒரு கைச்சாத்து, வாங்கியவரையும் குழந்தைகளையும் ஒருங்கே நீதிமன்றப் படி ஏற்றிவிடும்.

வில்லங்கச் சான்று போதுமென்று நம்புதல் தவறு. அதில் பதிவான பத்திரங்களே தோன்றும். பிறப்பாலும் இறப்பாலும் வரும் பாத்தியதை தோன்றாது. ஆதலின் வாரிசுச் சான்றையும் வாரிசுகளின் வயதையும் பார்த்த பின்னரே அங்கத்தினர்கள் கைச்சாத்திடுவார்களாக.