மாத்திரைக்கு முன்னால் கூலரைக் கழுவுங்கள்

இரவு ஒன்பது மணிக்கு ஆறு வயதுப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓர் அம்மா என் கிளினிக்குக்கு ஓடி வந்தார். சிவகாசியை ஒட்டிய திருத்தங்கல் பக்கம் வீடு. மூச்சை இழுக்கும்போதெல்லாம் பையனின் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிந்தது. பேர் கேட்டால் சொல்ல மூச்சு பற்றவில்லை. எட்டு நாள் இருமல். மெடிக்கல் ஷாப்பில் மூன்று தடவை ‘செட் மாத்திரை’ வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

“ராத்திரி எதைப் போட்டுத் தூங்குறீங்கம்மா?”

“கூலர்தான் சார். மழை பிடிச்சதுலேருந்து ஜன்னலையும் அடைச்சிட்டோம்.”

நெபுலைசர் வைத்ததும் பையன் தேறினான். கூலரின் பின்பக்கப் பேடைக் கழற்றிக்கொண்டு வரச் சொன்னேன். மறுநாள் பாலிதீன் பையில் சுருட்டி எடுத்து வந்தார்கள். பையைப் பிரித்ததுமே ஊறிப்போன சாக்கு நாற்றம். பொன்னிறமாக இருந்திருக்க வேண்டிய நார் கறுத்துப்போய், விரல் வைத்தால் வழுக்கியது. அதன் வழியாக வந்த காற்றைத்தான் அந்தப் பிள்ளை ராத்திரி முழுக்கச் சுவாசித்திருக்கிறான்.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் இந்தக் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

வறண்ட பூமிதான், ஆனால் எல்லா மாதமும் அல்ல

தீப்பெட்டியும் பட்டாசும் சிவகாசியில் தழைக்க ஒரு முக்கியக் காரணம் இங்குள்ள வறண்ட காற்று. கூலருக்கும் அதுதான் தோது. தண்ணீர் ஆவியாகும்போது காற்றிலுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்ளும், காற்று குளிரும். வடகிழக்குப் பருவமழைக் காலத்திலோ காற்றே ஈரத்தில் நிறைந்திருக்கிறது. அப்போது கூலர் குளிர்ச்சி தராது, ஈரத்தை மட்டும் கூட்டும். சுவர் ஓதம் காத்துப் பூஞ்சை பூக்கும். மெத்தையிலும் தலையணையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசுச் சிற்றுண்ணிகள் பெருகும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இரண்டுமே எதிரி. மழை தொடங்கியதும் கூலரைக் கழுவி, காயவைத்து, மூடி வைத்துவிடுங்கள். அந்த மாதங்களுக்கு மின்விசிறியும் எக்ஸாஸ்ட் ஃபேனும் போதும்.

தினமும் கேட்கும் தவறான நம்பிக்கைகள்

*“கூலர் ஓடும்போது ஜன்னலை அடைக்கணும்.”* அது ஏசிக்கு. கூலருக்கு எதிர்ப்பக்க ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும். அடைத்தால் ஈரக்காற்று போக வழியின்றி அறையிலேயே தங்கும், உடம்பு பிசுபிசுக்கும், வியர்வை காயாது.

*“நல்ல தண்ணிதான் ஊத்துறோம், கொசு வராது.”* டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரைத் தேடித்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீரை மட்டும் கொட்டினால் பலனில்லை. தொட்டியின் ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். ஃப்ரிட்ஜின் பின்பக்கத் தட்டையும் மறக்காதீர்கள்.

*“கற்பூரம், பினாயில் போட்டா கிருமி செத்துடும்.”* அதை நம்பிப் போடாதீர்கள். அதன் ஆவி முழுக்க உங்கள் மூச்சுக்குழாய்க்குத்தான் போகும். கற்பூர நெடியில் இழுப்பு கூடி வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

*“ஏசி ரூம்ல கொசுவர்த்தி, சாம்பிராணி போடலாம்.”* வீட்டு ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, உள்ளே இருக்கும் காற்றையே சுற்றவிடுகிறது. ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்தால் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமமான நுண்துகள்கள் வெளிவரும் என்று 2003-இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அடைத்த அறையில் தூங்கும் குழந்தைக்கு அது என்ன செய்யும் என்று யோசியுங்கள். கொசுவலை கட்டுங்கள்.

*“ஏசியை 18-ல வச்சா சீக்கிரம் குளிரும்.”* சீக்கிரம் குளிராது, அதிக நேரம் ஓடும், அவ்வளவே. நட்சத்திரக் குறியுள்ள ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று 2020 முதல் விதியே உண்டு. 27-இல் வைத்து மின்விசிறியும் போட்டால் நாலு டிகிரி குறைந்ததுபோல இருக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

*“வருஷா வருஷம் கேஸ் போடணும்.”* ஏசியின் கேஸ் செலவாகிற பொருள் அல்ல. குறைந்தால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்கச் சொல்லுங்கள்.

மெடிக்கல் ஷாப் மாத்திரை வேண்டாம்

‘இன்ஹேலர் பழகிடும்’ என்று பயப்படுகிறவர்கள், என்ன மாத்திரை என்றே தெரியாமல் ‘செட்’ வாங்கி விழுங்குகிறார்கள். அதில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கிறது. இன்ஹேலரில் மைக்ரோகிராம் கணக்கில், நேராக நுரையீரலுக்குப் போகிற மருந்தை, மாத்திரையில் மில்லிகிராம் கணக்கில் உடம்பு முழுக்க ஏற்றுகிறார்கள். இரண்டு நாள் இழுப்பு அடங்கும், மூன்றாம் நாள் திரும்பும். இப்படியே ஒரு வாரம் போக்கிவிட்டு, உதடு நீலம் பாய்ந்த பிறகு தூக்கி வந்தால் நான் என்ன செய்ய? இரண்டு நாளுக்கு மேல் இழுப்பு, ராத்திரி இருமலில் விழிப்பு இருந்தால் உடனே வாருங்கள். விலா குழிந்தாலோ பேச முடியாவிட்டாலோ 108.

வந்தால் செய்யும் பரிசோதனை: மூச்சின் அளவைப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி, தேவைப்பட்டால் எக்ஸ்ரே, காய்ச்சல் இருந்தால் டெங்கு ரத்தப் பரிசோதனை.

பட்டாசு வேலைக்குப் போகிறவர்களுக்கு

ஆலையில் போட்ட உடுப்போடு வீட்டுக்குள் வராதீர்கள். அதில் கந்தகமும் அலுமினியப் பொடியும் படிந்திருக்கும். மின்விசிறிக்குக் கீழே உதறினால் பிள்ளையின் மூச்சில் கலக்கும். குளித்து, மாற்றிக்கொண்டு பிள்ளையைத் தூக்குங்கள்.

இன்னொன்று. கருந்திரியோ மிச்ச வெடிமருந்தோ எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது. அலுமினியப் பொடியும் வெடியுப்பும் கலந்த மருந்தில் ஈரம் பட்டால், நெருப்பே இல்லாமல் தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளக்கூடும். அந்த ஈரத்தைத்தான் கூலர் ராத்திரி முழுக்க அறைக்குள் ஊதுகிறது.

புதிதாக வாங்கும் முன்

முதல் செலவு கூரைக்கு. மொட்டை மாடிக்கும் சிமெண்ட் ஷீட்டுக்கும் வெள்ளையடித்தாலே வீடு சில டிகிரி இறங்கும். அடுத்தது எக்ஸாஸ்ட் ஃபேன். அதற்குப் பிறகே கூலரும் ஏசியும். ஏசி வாங்கினால் ஈரத்தை உறிஞ்சும் ‘டிரை’ வசதி உள்ளதா என்று பாருங்கள். எது வாங்கினாலும் எர்த் சரியாக இருக்க வேண்டும். மின்கசிவைத் துண்டிக்கும் பிரேக்கரும் போடுங்கள். ஓடுகிற கூலரில் தண்ணீர் ஊற்றி ஷாக் அடித்தவர்களைக் கொண்டுவருகிறார்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஊற்றுங்கள்.

கெஞ்சிக் கேட்கிறேன்

வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கப் போகும் முன்னால் கூலர் தொட்டியை வடித்துத் தேய்த்துவிடுங்கள். பேடை அலசி வெயிலில் போடுங்கள். கறுத்திருந்தால் புதுசு மாற்றுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏசி ஃபில்டரைக் குழாயடியில் காட்டுங்கள். தலையணை உறையை வெந்நீரில் துவையுங்கள்.

அந்தப் பையன் போன வாரம் வந்தான். புது பேட் மாட்டவில்லையாம். கூலரையே கழுவிப் பரணில் ஏற்றிவிட்டார்கள். இன்ஹேலர் மட்டும் காலையும் மாலையும். ‘ராத்திரி இருமல் இல்ல சார்’ என்று அவனே சொன்னான், ஒரே மூச்சில்.

உங்கள் பிள்ளையும் அப்படிச் சொல்ல வேண்டும். எழுந்துபோய்ப் பேடைக் கழற்றிப் பாருங்கள்.