குழந்தையின் குணத்தை ஆராய்ந்தறிவோம்

மழலை கேட்க விரும்பாத பெற்றோர் இலர். அம்மழலை உரிய காலத்தில் வாராதிருந்தாலும், வந்த சொற்கள் மறைந்து போனாலும் பெற்றவர் உள்ளம் படும் பாடு சொல்லுந்தரமன்று. பிற மாநிலத்தில் வாழும் நம் போன்ற குடும்பங்கட்கு இத்துயருடன் ஒரு குழப்பமும் சேர்ந்து கொள்கிறது. "வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம், குழந்தை எந்த மொழியைத்தான் பேசும்?" என்பர் அண்டை அயலார். "இவன் அப்பாவும் நாலு வயதில்தான் பேசினான்" என்று ஊரிலிருந்து பாட்டியார் தேறுதல் கூறுவார்.

இவையாவும் அன்பினால் எழும் சொற்களே. எனினும் பல மொழிகளைக் கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உண்டாவதில்லை என்பது ஆராய்ச்சியில் தெளிந்த உண்மை. ஆதலின் மொழியைக் காரணங் காட்டி மருத்துவச் சோதனையைத் தள்ளிப் போடுதல் தகாது. தாய்மொழியைக் கைவிட வேண்டிய அவசியமும் இல்லை.

மதியிறுக்கம் என்றும் வழங்கும் ஆட்டிசம், மூளை வளர்ச்சியில் பிறவியிலேயே அமையும் வேறுபாடு. அமெரிக்காவில் டாக்டர் லியோ கானர் 1943-ஆம் ஆண்டில் 11 குழந்தைகளின் வரலாற்றை எழுதி இதனை விளக்கினார். தாயின் அன்புக் குறைவே காரணமென ஒரு காலத்தில் பழி சுமத்தினர்; அக்கொள்கை பின்னர் பொய்யென நிறுவப்பட்டது. தடுப்பூசியின்மீது ஐயத்தைக் கிளப்பிய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதனை வெளியிட்ட லான்செட் இதழே 2010-இல் திரும்பப் பெற்றது. தாயும் குற்றவாளி அல்லள். தடுப்பூசியும் குற்றவாளி அன்று.

கவனிக்க வேண்டிய குறிகள் யாவை? பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, விரும்பியதை விரலால் சுட்டிக் காட்டாமை, கண்ணோடு கண் நோக்காமை, பொருள்களை ஓயாது வரிசையாக அடுக்குதல், அன்றாட வழக்கம் சிறிது மாறினும் அலறுதல், குக்கர் விசில் போன்ற ஓசைக்குக் காதைப் பொத்திக் கொள்ளுதல் முதலியன. ஒரு குறி கண்டவுடன் முடிவு கட்டலாகாது. பல குறிகள் சேர்ந்து தோன்றின் காத்திருத்தலும் ஆகாது.

எங்கள் இளைய மகனுக்கு ஐந்து வயது. பிற பிள்ளைகளைக் கடிக்கிறான், தரையில் விழுந்து புரள்கிறான் என்று பள்ளியிலிருந்து இருமுறை கடிதம் வந்தது. இரண்டாவது கடிதத்தில் 'வளர்ப்புக் குறை' என்றொரு சொல் இருந்தது. அச்சொல்லைப் படித்த அவன் தாய் அன்றிரவு உண்ணவில்லை. ரயில்வே எழுத்தர் குடும்பமாகிய நாங்கள் பதிவேட்டுக்குப் பழகியவர்கள். நாள், நேரம், இடம், முன் நடந்தது, பின் நடந்தது என ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடிட்டு மூன்று வாரம் எழுதினோம். அவன் சீற்றத்தில் பெரும்பகுதி பள்ளி மணி ஒலித்த சில நிமிடங்களுக்குள்ளோ, வழக்கமான வழி மாறிய நாளிலோ நிகழ்ந்திருந்தது. பிடிவாதம் என்று பெயர் பெற்றது உண்மையில் வேதனை என்பது புலனாயிற்று.

அந்நோட்டுப் புத்தகத்தையே சோதனைக்கும் கொண்டு சென்றோம். முதலில் செவிப்புலனைச் சோதித்தனர். பின்னர் பிறப்பு முதலான வரலாற்றைக் கேட்டறிந்து, விளையாட விட்டுக் கவனித்தனர். இரத்தப் பரிசோதனையாலோ படமெடுத்தலாலோ ஆட்டிசத்தை உறுதி செய்ய இயலாது. நம் நாட்டில் வழங்கும் 'இசா' என்னும் அளவுகோலில் 40 வினாக்கள்; ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண்; மொத்தம் 70-உம் அதற்கு மேலும் வந்தால் ஆட்டிசம் எனக் கொள்வர். உளவியலாளர் தமிழ் அறியாதவர். தாயே அருகமர்ந்து மொழிபெயர்த்தார். இந்தியில் அழைத்தபோது திரும்பாத பிள்ளை தமிழில் அழைத்தபோதும் திரும்பவில்லை. ஆனால் ரயில் பெட்டிகளைத் தமிழில் பிழையின்றி எண்ணினான். குறை மொழியில் இல்லை என்பது எங்கட்கு அங்கேயே விளங்கிற்று.

எங்கே செல்வது என மயங்க வேண்டா. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் மாவட்டந்தோறும் தொடக்கநிலை இடையீட்டு மையங்களை அமைக்க வகை செய்யப்பட்டுள்ளது. பெங்களூர் நிம்ஹான்ஸ், செகந்திராபாத்திலும் சென்னையை அடுத்த முட்டுக்காட்டிலும் உள்ள மத்திய அரசு நிறுவனங்கள் ஆகியவையும் உள. முறை வரும்வரை கைகட்டி இராமல் பேச்சுப் பயிற்சியைத் தொடங்கி விடலாம்.

1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெறாத ஆட்டிசம் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம் பெற்றுள்ளது. குறைபாடு 40 விழுக்காடும் அதற்கு மேலும் எனச் சான்று பெற்ற குழந்தைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. இடமாற்றத்துக்கு அஞ்சும் அன்பர்கள் ஒன்று அறிக: இத்தகைய குழந்தையைப் பேணும் மத்திய அரசு ஊழியர், வழக்கமான சுழற்சி மாற்றத்திலிருந்து விலக்குக் கோரலாம் என 2014-லும் 2018-லும் ஆணைகள் வெளிவந்துள்ளன. நிர்வாகத் தேவைக்கு உட்பட்டதாயினும் விண்ணப்பிக்கத் தயங்க வேண்டா.

சான்றிதழ் குழந்தையின் நெற்றியில் குத்தும் முத்திரை அன்று. அவனுக்குரிய கதவைத் திறக்கும் சாவி. இன்று எங்கள் மகனிடம் மணி அடிக்குமுன் ஆசிரியை மெல்லச் சொல்லி வைக்கிறார். கடிப்பது வெகுவாகக் குறைந்துள்ளது. சொற்கள் இன்னும் சிலவே.

இத்தகைய பிள்ளைகள் நம் சங்கக் குடும்பங்களில் வேறு சிலரும் இருக்கக்கூடும். அவர்களை வீட்டினுள் மறைத்து வைக்காமல் பொங்கல் விழாவுக்கு அழைத்து வாருங்கள். அவர்கள் பொருட்டு ஒலிபெருக்கியின் ஓசையைச் சிறிது குறைப்பது நம் அனைவரின் கடன்.