இலைக்குக் கடை, பூவுக்குச் சிறை!

காசிக்குப் போய் வந்த தமிழர்கள் "பாங்" கடையைப் பார்த்திருப்பார்கள். அரசு லைசென்ஸ் பெற்ற கடை. கஞ்சாச் செடியின் இலையை அரைத்து, உருண்டை பிடித்து விற்கிறார்கள். ஹோலிப் பண்டிகை வந்தால் அதைப் பாலில் கலந்து குடிப்பார்கள். போலீஸ்காரர் அந்த வழியே போவார், வருவார். ஒன்றும் சொல்ல மாட்டார்.

அதே செடியின் பூவைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பவரின் கதி வேறு. கம்பி எண்ண வேண்டியதுதான்.

சட்டமே அப்படித்தான் இருக்கிறது. 1985 நவம்பர் 14-ந் தேதி அமலுக்கு வந்த போதைப்பொருள் சட்டத்தில், பூவும் காயும் பிடித்த நுனிதான் "கஞ்சா". பிசின் "சரஸ்". நுனியோடு சேராத இலை கணக்கில் இல்லை. அது மாநில அரசுகளின் பாடு. மராட்டியத்தில் லைசென்ஸ் இல்லாமல் பாங்கும் வைத்திருக்கக் கூடாது. பம்பாய்த் தமிழர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

வெள்ளைக்காரன் தடுக்கவில்லை

1893-ல் பிரிட்டிஷ் அரசு இதற்கென்றே ஒரு கமிஷன் அமைத்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர். அடியோடு தடுக்க வேண்டாம், வரியும் லைசென்சும் போதும் என்று கமிஷன் கூறியது. கஜானாவுக்கும் அதுதானே லாபம்!

1961-ல் ஐ.நா. ஒப்பந்தம் வந்தது. மருந்துக்கு அல்லாத கஞ்சாவை 25 ஆண்டுக்குள் நிறுத்த வேண்டும் என்பது நிபந்தனை. இலைக்கு மட்டும் விலக்கு. கெடு நெருங்கிய வேளையில் பிறந்ததுதான் 1985 சட்டம்.

மாற்றுவது யார்?

இந்தத் தடையை நீக்குவதானால் பார்லிமெண்டில் மசோதா நிறைவேற வேண்டும். உருகுவே 2013-லும் கனடா 2018-லும் அப்படித்தான் சட்டம் போட்டு நீக்கின. இங்கே பாட்டியாலா எம்.பி. டாக்டர் தரம்வீர காந்தி 2016-ல் ஒரு தனிநபர் மசோதாவுக்கு முயன்றார். பலிக்கவில்லை. 1970-க்குப் பிறகு எந்தத் தனிநபர் மசோதாவும் சட்டமானதில்லை. 2020-ல் ஐ.நா.வில் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து எடுக்க இந்தியா ஆதரவாக ஓட்டளித்தது. ஊருக்குள் சட்டம் மாறவில்லை.

செடிக்கு முழு விடுதலை கொடுக்கலாமா என்பது பெரிய விவாதம். குடித்துக் கெட்ட குடும்பங்களைப் பார்த்தவர்கள் தயங்குவது நியாயமே. ஆனால் இன்றைய சட்டம் ஆளைப் பார்க்காமல் எடையைப் பார்க்கிறது. ஒரு கிலோவுக்குள் என்றால் ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவுக்கு மேல் போனால் குறைந்தது 10 ஆண்டு, கூடினால் 20 ஆண்டு. சரக்கின் முதலாளிக்கும், கூலிக்கு மூட்டை சுமந்தவனுக்கும் ஒரே தராசு! பார்லிமெண்ட் முதலில் திருத்த வேண்டியது இதைத்தான்.

ரயிலில் ஊருக்குப் போகும் நம்மவர்களுக்கு இது வெறும் டில்லி விவகாரம் அல்ல. "அண்ணே, இந்தப் பையைக் கொஞ்சம் சென்ட்ரல் வரை கொண்டு வாங்க" என்று முன்பின் தெரியாதவர் கெஞ்சுவார். பை யார் கையில் இருக்கிறதோ அவர்தான் குற்றவாளி என்று சட்டம் அனுமானிக்கிறது. உள்ளே இருந்தது தெரியாது என்பதை அவரேதான் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். 20 கிலோவைத் தாண்டிவிட்டால், இவர் குற்றவாளி அல்ல என்று நம்ப இடமிருப்பதாக நீதிபதிக்குத் தோன்றும் வரை ஜாமீனும் கிடையாது.